அத்யாசன்னம் என்ற சொல்

மழையில் ஓரங்கள் ஊறிப்போயிருந்த அந்தக் கடிதத்தை அத்தை என் கையில் தந்தது ஒரு சனிக்கிழமைக் காலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், எனக்குப் பதினொரு வயது. அருமனையில் அப்பாவின் தங்கையான அத்தைக்கு எங்கள் அடுத்த வீடு. மாமா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. அத்தை தமிழ் வேதாகமம் வாசிப்பாள். மலையாள எழுத்து தெரியாது. அப்பாவும் அப்படித்தான். என் அம்மா நெய்யாற்றின்கரைக்காரி. அவளிடம் மலையாளமும் அப்பாவிடம் தமிழும் பேசி, இரண்டையும் வாசிக்கக் கற்று வளர்ந்தவள் நான். அன்று அம்மா தன் ஊருக்குப் போயிருந்தாள்.

தோட்டத்துக் கணக்கர் மலையாளத்தில் நாலே வரி எழுதியிருந்தார். மாமாவுக்குக் காய்ச்சல், நிலை 'அத்யாசன்னம்', உடனே வரவும். தாத்தா சாகக் கிடந்தபோது அம்மா வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் சொன்ன சொல் அது. தமிழில் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்கு தீனமாம், அத்தை. வரச் சொல்லி எழுதியிருக்கு."

"ரொம்ப தீனமா மக்கா?"

"அப்படி ஒண்ணும் எழுதல்ல."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்பம் நாளைக்கு ஆராதனை கழிஞ்சு போவோம். மழையும் வெறிக்கட்டு."

மழை வெறிக்கவில்லை. அன்று முழுவதும் மலைப்பக்கம் கறுத்தே கிடந்தது. அத்தை மாமாவுக்காகச் சுக்கு இடித்தாள். சொல்லிவிடலாம் என்று நான் பலமுறை எழுந்தேன். எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தேன்.

மறுநாள் அப்பாவும் அத்தையும் நானும் பாதி வழிகூடப் போகவில்லை. எதிரே நாலு பேர் மூங்கிலில் கட்டிய தூளியைச் சுமந்து இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் அத்தையைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தார். "நேத்து அந்தி வரைக்கும் ஒங்களத்தான் கேட்டாரு" என்றார்.

அம்மா திரும்பி வந்ததும், இன்னொருமுறை கேட்க வேண்டும் என்று அத்தை கடிதத்தை அவளிடம் நீட்டினாள். அம்மா வாசித்தாள், என்னைப் பார்த்தாள். "தீனம்னுதான் எழுதியிருக்கு" என்றாள். பிறகு அடுக்களையில் என் கையை இறுகப் பிடித்து, "அறிஞ்ஞோண்டாணோ மோளே?" என்று கேட்டாள். தெரிந்தேதான் செய்தாயா என்று.

என் நாவல்களில் ஈரமில்லை, சாவை முகத்தில் அறைந்தாற்போல் எழுதுகிறேன் என்று இன்று சொல்கிறார்கள். வரிகள் எனக்கு இப்போதும் முதலில் மலையாளத்தில்தான் கேட்கின்றன. தமிழுக்குக் கொண்டுவரும்போது எங்கே கை இளகுகிறதோ, அங்கே நிறுத்தித் திரும்ப எழுதுகிறேன்.

அத்தையிடம் மட்டும் சொல்லவே இல்லை. மலையாளத்தில் எந்தக் காகிதம் வந்தாலும், சாகும்வரை, அம்மாவைத் தாண்டி என்னிடமே கொண்டுவந்தாள்.

"நீ வாசி மக்கா. நீ சொன்னா அதுல உள்ளதுதான் இருக்கும்."