கிறிஸ்துமஸ் மரத்தடி ரயில்கள்

“ரயில்வேக்காரன் வீட்டுல பண்டிகைன்னா…” என்று தொடங்கி, ரயில் கார்டாக இருந்த அப்பா ஏதோ சொல்வார். மீதி மறந்துவிட்டது. பொம்மை ரயில் தொழிலிலும் நிலைமை அதுதான். ஊரே பண்டிகைக்கு வீடு திரும்பும்போது, நாம் யார் வீட்டுத் தரையிலோ முட்டிபோட்டுத் தண்டவாளம் பூட்டிக்கொண்டிருப்போம். பண்டிகை நாளில் டூட்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மான்ட்ரியலில் மென்பொருள் வேலை போய், டவுன்டவுனில் ரெஜான் என்பவரின் பொம்மை ரயில் கடையில் ஒட்டிக்கொண்டேன். ரயில்கள் தாமாகப் புறப்பட்டு, நின்று, வழிவிட்டு ஓடும்படி சென்சார் வைப்பது என் வேலை. ஒரு டிசம்பரில் ரெஜான் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் பதில் வேண்டும். மனைவி ஸ்டெல்லாவோ நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. மகளையும் வேலையையும் விட்டு வரமாட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டும் வரமாட்டாள்.

ஜன்னலில் இரட்டைப் பாதை

கடை ஜன்னலில் இரட்டைப் பாதை போட்டு இரண்டு ரயில்களை எதிரெதிராக விட்டேன். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் பனியில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அங்கெல்லாம் ரயில் வலப்பக்கப் பாதையில் ஓடும். நானோ பழக்கதோஷத்தில், நம்மூர் போல இரண்டையும் இடப்பக்கம் விட்டிருந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: “ரொம்ப அழகா ஓடுது. ஆனா, எந்த நாட்டுல?”

கிராசிங்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு பேராசிரியை வீடு. ஒற்றைப் பாதை, ஆகவே கிராசிங் வைத்தேன். பாசஞ்சர் பஞ்சுப் பனிக்கு நடுவே ஒதுங்கி நிற்கும், எக்ஸ்பிரஸ் தாண்டியதும் கிளம்பும்.

“கெட்டுப் போச்சா?” என்றார் அந்த அம்மாள். எங்கள் ஊரில் இப்படித்தான், எதிர்வண்டி வரவேண்டும் என்றேன். அதுவரை உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். இறங்கிக் காலை நீட்டுவார்கள், டீ குடிப்பார்கள், தெரியாதவரிடம் மகள் கல்யாணம்வரை பேசிவிடுவார்கள் என்றேன். நான் சொல்லிக்கொண்டே போனது எனக்கே தெரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்போ, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.”

தொலைபேசி

அந்த வாரம் காலிங் கார்டில் வீட்டுக்குப் பேசினேன். ரெஜான் நல்ல மனுஷன், கடையும் வளரும், பிரெஞ்சும் ஓரளவு பழகிவிட்டது என்று சுற்றிச்சுற்றி வந்தேன். பின்னால் மகள் பாட்டுப் பயிற்சி செய்வது கேட்டது. ஸ்டெல்லா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “குடில் கட்டியாச்சு, ஸ்டாரும் தொங்கவிட்டாச்சு. நீங்க வாறியளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

கர்க்லாண்ட் வீடு

கடைசி வேலை, கர்க்லாண்டில் மட்டக்களப்புக்காரர் செபஸ்தியான் அண்ணன் வீட்டில். ஹோட்டலில் தலைமைச் சமையற்காரர். கிறிஸ்துமஸ் காலையில் அவருக்கு லீவு கிடையாது. பிள்ளைகள் மாடியிலிருந்து இறங்கி வரும்போது ரயில் தானாகப் புறப்பட்டு, விசில் ஊதி, பரிசுப் பொட்டலங்களைச் சுற்றவேண்டும் என்றார். படிக்கட்டு அடியில் சென்சார் வைத்தேன்.

சோதித்துப் பார்க்க அவரே பிள்ளைபோல் ஓசைப்படாமல் மேலே ஏறி, இறங்கினார். விசில் ஊதி ரயில் கிளம்பியது. மனுஷன் கைதட்டிச் சிரித்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்தபடி கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் இல்லாட்டியும் இது ஓடுந்தானே, தம்பி?”

“ஓடும் அண்ணே” என்றேன். அந்த டிசம்பரில் நான் செய்த வேலைகளிலேயே பழுதில்லாதது அதுதான்.

மறுநாள் ரெஜானிடம், ஜனவரியில் ஊருக்கே திரும்பிவிடுகிறேன் என்று சொன்னேன்.