டிவியில் தம்பியின் கைகள்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று, எல்லோரும் கூப்பிட்டது ‘ரேடியோ’ என்று. தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. யார் என்ன பேசினாலும் அதை அப்படியே கைகளால் அவனுக்குச் சொல்லிவிடுவது அக்காவின் வேலை. பெரியவர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்ததுகூட அவள் விரல்களில் ஒலிபரப்பாகிவிடும். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான், குட்டு வெளிப்பட்டுவிடும்.

“முதல்ல இந்த ரேடியோவ ஆஃப் பண்ணுங்க. அப்புறமா நான் பேசறேன்” என்பார் மாமா.

அதுவே பிற்பாடு அவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது. படங்களுக்குக் கீழே ஓடுகிற எழுத்துகளை எழுதும் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசுவதைக் கேட்டுக் கேட்டு, வாய் அசையும் நேரத்துக்குச் சரியாக வரியை உட்கார வைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, மாடி வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். அவள் உள்ளறையில் எழுதுவாள். எழுதியது சரியாக ஓடுகிறதா என்று அவன் கூடத்து டிவியில் பார்த்துச் சொல்வான். ‘இவன் செத்துப்போன அப்புறமும் இன்னொரு வரி பேசறான், அத எடு’ என்று கையைக் காட்டுவான். அவளுக்குக் கல்யாணம் வரும் வரும் என்று பார்த்தார்கள். அது வந்த வழியே போய்விட்டது. அவளும் அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை.

தம்பிக்கு மட்டும் எல்லாம் கூடி வந்தது. அவனைப் போலவே காது கேளாத பெண். கடல் தாண்டி ஒரு பெரிய அச்சகத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் முடிந்து அவனும் அங்கேயே போனான். விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகும் அவன் கைகள் பேசிக்கொண்டே இருந்தன. கண்ணாடி தடுத்தால் மற்றவர்களுக்குப் பேச்சு நின்றுவிடும், இவர்களுக்கு நிற்கவில்லை. அவன் திரும்பி நடந்தபோதுதான் நின்றது.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. நாள் முழுக்க ஊர்ப்பட்ட பேர் அவள் காதுக்குள் பேசினார்கள், அழுதார்கள், சண்டை போட்டார்கள். ஒருவர்கூட அவளிடம் பேசவில்லை. சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றினால் கைகள் இரண்டும் மடியில் கிடக்கும். பேச ஆள் இல்லாமல் வாய் வறண்டு போகும் என்பார்கள். அவளுக்கு விரல்கள் வறண்டு போயின.

செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்தான். ஆனால் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டால் மீதி ஒரு கைதான் பேசும். ஒற்றைக் கைப் பேச்சு பாதிப் பேச்சு. டம்ளரில் சாய்த்து வைத்தால் நல்ல இடத்தில் சரிந்து விழும். அவன் கைகளோ அந்தச் சின்னத் திரையில் பூச்சி பறப்பது போலத் தெரியும். பெண் பிறந்த செய்தியை அவன் சொன்னபோது அவளுக்கு முதலில் புரியவில்லை. ‘திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு’ என்று கேட்டுக் கேட்டு, புரிந்தபோது அவன் முகத்தில் அந்த முதல் சந்தோஷம் ஆறிப்போயிருந்தது. அது அவளுக்குள் முள்ளாகத் தைத்தது.

மறுநாளே கூடத்து டிவியின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தாள். உள்ளறை மேசையைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். வேலைக்கு இரண்டு மானிட்டர் வேண்டும். ஒன்றில் படம், ஒன்றில் எழுத்து. இவற்றோடு டிவியையும் அதே கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டால், டிவியில் தம்பி ஆளுயரத்துக்கு வருவான், இரண்டு கைக்கும் வேலை இருக்கும் என்பது அவள் கணக்கு.

ஒயரைச் சொருகினாள். டிவி கறுப்பாகவே இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்து மட்டும் மூலைக்கு மூலை தாவி அவளைக் கேலி செய்தது. கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

“எங்க சொருகியிருக்கீங்க மேடம்? பெட்டிக்குப் பின்னாடி மேல நிக்கற வரிசையிலயா?”

“ஆமா சார். அங்கதான் சரியா பொருந்துச்சு.”

“பொருந்தற எடமெல்லாம் நம்ம எடம் ஆயிடுமா? அத விட்டுட்டு இன்னும் கீழ வாங்க. படுத்த மாதிரி ஒரு வரிசை இருக்கா? அதான் கிராபிக்ஸ் கார்டு. மூணையும் அதுலதான் குடுக்கணும்.”

“அதுல டிவி ஒயர் போற ஓட்டை ஒண்ணுதான் சார் இருக்கு. மத்ததெல்லாம் வேற மாதிரி, ஒரு மூலை வெட்டினாப்ல இருக்கு.”

“அந்த ஒண்ண டிவிக்குக் குடுத்துருங்க. மானிட்டருக்கு வேற ஒயர் தரேன். ஒரு முனை வெட்டின மூலை, மறு முனை உங்க மானிட்டருக்குப் போறது. வந்து வாங்கிக்கங்க.”

வாங்கி வந்து, மேசைக்கு அடியில் தவழ்ந்து, தூசியில் தும்மித் தும்மி மூன்றையும் மாட்டினாள். மூன்று திரையும் ஒன்றாக விழித்தன. மூன்றிலும் ஒரே படம்! நேற்று எழுதி விட்ட ‘என்னை ஏன் தனியாக விட்டுப் போனாய்’ என்ற வசனம் சுவர் அகலத்துக்கு டிவியில் நின்றது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. செட்டிங்கில் போய், ஒரே படத்தைக் காட்டாமல் மூன்றையும் நீட்டி வைக்கச் சொன்னாள். இப்போது மவுஸ் அம்பு காணாமல் போனது. டிவி வலது பக்கம் இருக்க, கம்ப்யூட்டர் அதை இடது பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. திரைகளைக் குறிக்கும் கட்டங்களைப் பிடித்து இழுத்து, மேசையில் இருக்கிற வரிசைப்படி வைத்த பிறகுதான் அம்பு ஒழுங்காக வீடு மாறிப் போய் வந்தது. டிவியின் தலையில் கேமராவை உட்கார வைத்தாள்.

தம்பி வந்தான். ஆளுயரத்துக்கு வந்தான். ஆனால் கையை விரித்தபோதெல்லாம் விரல் நுனிகள் திரைக்கு வெளியே போயின. டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நான்கு ஓரத்தையும் வெட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு ஓரம் போனால் என்ன? இவர்களுக்கு அது பேச்சில் பாதியை விழுங்குவது. ரிமோட்டை வைத்துக்கொண்டு படத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, உள்ளது உள்ளபடி காட்டும் இடத்தைக் கண்டுபிடித்தாள். விரல்கள் முழுசாக வந்தன. தம்பி மோவாயைத் தொட்டுக் காட்டினான். அவள் மோவாயில் இருக்கும் மச்சம்தான் அவன் கைமொழியில் அவள் பெயர். அதைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! அன்று இரண்டு கையும் வலிக்க வலிக்கப் பேசினாள்.

அவனும் தன் வீட்டு டிவியில் கேமரா வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இங்கே மதியம், அங்கே காலை. ஆனால் அவன் வீடு நிறைந்த வீடு. பேசிக்கொண்டே இருப்பான், மனைவி தோளைத் தட்டினால் திரும்பிவிடுவான். முதுகைக் காட்டியவனை எப்படிக் கூப்பிடுவது? பழைய ஞாபகத்தில் அவள் தரையில் ஓங்கி உதைத்தாள். ஒரே வீட்டில் இருந்த காலத்தில் அந்த அதிர்வு காலில் பட்டு அவன் திரும்புவான். இப்போது தம்பி திரும்பவில்லை, கீழ்வீட்டு டெய்லரம்மாதான் படியேறி வந்தார்.

“என்னங்க, மேல ஏதாச்சும் விழுந்துருச்சா?”

“இல்லக்கா. தம்பியக் கூப்பிட்டேன்.”

டெய்லரம்மா கூடத்தை எட்டிப் பார்த்தார். சுவரில் யாரோ ஒருவனின் முதுகு. “கூப்பிட்டா வந்துருவாரா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார். கதவைச் சாத்தும்போது, அந்தக் கதவை யாரோ தட்டி வெகுகாலம் ஆயிற்று என்பது அவளுக்கு உறைத்தது.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேமராவை உள்ளங்கையால் மூடி மூடித் திறந்தாள். அங்கே அவன் கூடத்தில் பெரிய திரை இருண்டு இருண்டு வெளுக்க, சுவர் மினுங்கியது. தம்பி திரும்பினான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தை டிவிக்கே திருப்பியிருந்தாள். கேட்காத இரண்டு பேர் வாழும் வீட்டில் என்ன சத்தம் இருக்கும் என்று ஓர் ஆசை. எவ்வளவு சத்தம்! நாற்காலி அலறியது, அலமாரிக் கதவு அறைந்தது, பாத்திரம் உருண்டது. தம்பி முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டிருந்தான். அப்போது எங்கோ உள்ளே குழந்தை வீறிட்டது.

அவள் பதறி எழுந்தாள். கேமராவை மூடினாள், திறந்தாள், மூடினாள். குழந்தை மூச்சு முட்ட அழுதது. தம்பி ஒருவழியாகத் திரும்பினான்.

‘பாப்பா அழுறா! ஓடு!’

அவன் நிதானமாக மணிக்கட்டில் இருந்த பட்டையைக் காட்டினான். ‘அழுத ஒடனே இது அதிரும்க்கா. பாப்பாவோட அம்மாகிட்டயும் ஒண்ணு இருக்கு. அவ அப்பவே போயிட்டா.’

அழுகை தணிந்து கொண்டிருந்தது. அவள் கை அந்தரத்தில் நின்றது. பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் பிறந்த நாளிலிருந்து அவனுடைய காது அவள்தான். அந்த வேலையை ஒரு பட்டை செய்துகொண்டிருந்தது, அவளைவிட ஒழுங்காக. நல்லதுதானே என்று மனம் சொன்னது. கண் கேட்கவில்லை, நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பினால் அவனோடு பேச்சு அறுந்துபோகும் என்று தெரிந்தே திருப்பினாள்.

ஓரக்கண்ணில் கூடம் இருண்டு வெளுத்தது. அவன் தன் கேமராவை மூடித் திறந்துகொண்டிருந்தான். அவள் நிமிர்ந்தாள்.

அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ‘அழுறான்னு இது சொல்லும். எப்படி அழுறான்னு சொல்லாது. டாக்டர் அவளுக்கு நல்ல குரல்னு எழுதிக் காட்டினாரு. நல்லதுன்னா எப்படி? நீ இப்பக் கேட்டியே, சொல்லேன்.’

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படத்தில் வரும் சத்தங்களையும் எழுதி எழுதித் தேய்ந்த வேலைதான். ஆனாலும் சட்டென்று வரவில்லை. கொஞ்சம் யோசித்து, கைகளைத் தூக்கினாள். முதலில் நெருப்புக்குச்சி பற்றுவது போல ஒரு வெடுக்கென்ற வீறல். பிறகு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஊரே பயந்துபோகும். பிறகு செங்குத்தாக மேலே ஏறி, உச்சியில் நடுங்கி, அம்மா தூக்கியதும் படி இறங்குவது போல விக்கி விக்கிக் கீழே.

தம்பி இமைக்காமல் பார்த்தான். பார்த்ததைத் தன் கைகளால் மெதுவாகச் செய்து பார்த்தான். நிறுத்தம் வரும் இடத்தில் அவள் திருத்தினாள். அவன் எழுந்து உள்ளே ஓடினான், மனைவிக்குக் காட்ட.

டிவியில் அவன் கூடம் காலியாக இருந்தது. மடித்த துணி, மடிக்காத துணி, இழுத்துப் போட்ட நாற்காலி. அவன் திரும்பி வர நேரமாகும், நிறைந்த வீடு. அவள் இணைப்பை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து குழந்தை எதற்கோ சிரிக்கும் சத்தம் வந்தது. அதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்று விரல்களை மடியில் வைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.