தமிழ்ச் சனம் இல்லாத ஊர்

நான் குடியிருக்கும் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்களை எல்லாம் மாற்றப் போகிறார்கள், மூன்று மாதம் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று கடிதம் வந்தபோது மேல்வீட்டுக்காரர் படிக்கட்டில் நின்று கத்தினார். எனக்கென்றால், உண்மையைச் சொல்கிறேன், பெரிய நிம்மதியாக இருந்தது. பேர்லினில் எங்கள் சனம் நிறைந்த இந்த நொய்கெல்னை விட்டுப் போக யாராவது என்னைப் பிடித்துத் தள்ளமாட்டார்களா என்று ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.

என் வேலை தொலைபேசியில் மொழிபெயர்ப்பது. ஆஸ்பத்திரி, அலுவலகம், பள்ளிக்கூடம், எங்கேயாவது ஒரு தமிழரும் ஒரு ஜெர்மன்காரரும் ஒருவரையொருவர் விளங்காமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு அழைப்பு வரும். காதில் ஹெட்போன், முன்னால் கணினி, கையில் ஒரு பேனா. சத்தமில்லாத அறை ஒன்று இருந்தால் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் செய்யலாம்.

சமையலறை மேசையில் ஒரு கடதாசியை வைத்து எனக்கு என்ன மாதிரி ஊர் வேண்டும் என்று எழுதினேன். இணையம் அறுந்து அறுந்து போகக்கூடாது. ஜன்னலுக்குக் கீழே ட்ராம் ஓடக்கூடாது. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடும் போட்டேன்: தமிழ்ச் சனம் இருக்கக்கூடாது.

இதை வாசித்து யாரும் கோபிக்க வேண்டாம். இருபத்திரண்டு வருடம் சேர்ந்திருந்த மனிதர் ஒரு நாள் தன் உடுப்புகளை இரண்டு பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார். அதுகூடப் பரவாயில்லை. கடையில் வெண்டிக்காய் நிறுக்கிற பெண், "அக்கா, அவர் இப்ப எங்கையாம்?" என்று கேட்பாள். பின்னால் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். கோயிலிலும் அதே கதை, பஸ்ஸிலும் அதே கதை. வெண்டிக்காய் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

எசனில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் குதித்தார்.

"உனக்கென்ன விசரே? இங்கை வந்து எங்களோடை இரு. ஒருத்தரும் இல்லாத ஊரிலை மூண்டு மாதம் என்ன செய்யப் போறாய்?"

"அதுக்குத்தான் போறன்."

"வருத்தம் துன்பம் வந்தா ஆர் பாக்கிறது?"

"ஜெர்மன்காரருக்கு வருத்தம் வாறேல்லையோ?"

அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டார். அண்ணி பாவம், அவருக்கும் என்னோடு வாதாட ஏலாது.

ஊர் தேடுவதில் நான் காட்டிய கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு ஊராகத் தட்டி, தமிழ்க் கடை இருக்கிறதா, கோயில் இருக்கிறதா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று பார்த்தேன். இந்தியச் சாப்பாட்டுக் கடை இருந்த ஊர்களையும் வெட்டினேன். பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் குசினிக்குள் நிற்பது எங்கள் ஆள்தான் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஹார்ஸ் மலைப் பக்கம் ஒரு சின்ன ஊர் தேறியது. ஒரு தேவாலயம், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு சுப்பர்மார்க்கெட், ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு பீட்சாக் கடை. அவ்வளவுதான். பெயரைச் சொல்லமாட்டேன், காரணம் போகப் போகத் தெரியும்.

மே மாதம் போய் இறங்கினேன். வீட்டுக்காரி எழுபது தாண்டிய பெண். குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே போக வேண்டும், காலையில் எத்தனை நிமிடம் ஜன்னல் திறக்க வேண்டும், படிக்கட்டில் சப்பாத்து எங்கே கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கதவுத் திறப்பைத் தந்தார். பிறகு படியில் கண்டால் காலை வணக்கம் சொல்வார். நல்ல மனுசிதான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அதைத்தானே?

முதல் இரண்டு வாரம் ராணி மாதிரி இருந்தேன். கடைக்குப் போனால் ஒருவரும் என் முகத்தைப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பீட்சாக் கடையில் ஒரு பீட்சா எடுத்து ஆற்றங்கரை மரவாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் வாத்துகள். அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் தொண்டையில் ஏதோ செய்தது. வருத்தம் என்று நினைத்துச் சுடுதண்ணீர் குடித்தேன். பிறகுதான் யோசித்தேன்: நாள் முழுக்கக் கதைக்கிறேன், அதில் ஒரு சொல்கூட என்னுடையதில்லை. எங்கள் வேலையின் சட்டம் அது. பெயர் சொல்லக்கூடாது, ஒரு இலக்கம் மட்டும்தான். எங்கே இருக்கிறோம் என்று சொல்லக்கூடாது. அழைப்புக்கு வெளியே அந்த ஆளைச் சந்திக்கவே கூடாது. முக்கியமாக, அவர் வாயிலிருந்து வருகிற எல்லாவற்றையும் மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். "மெத்தப் பெரிய உபகாரம் தங்கச்சி" என்று எனக்கு ஒருவர் சொன்னால் அதையும் ஜெர்மனில் டொக்டரிடம் கொடுப்பேன். "அதற்கென்ன, சந்தோஷம்" என்பார் டொக்டர். அதைத் தமிழில் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு வந்த நன்றி என் கையால் அவருக்குப் போய்விடும்.

பேர்லினில் இது எனக்கு உறைத்ததேயில்லை. வேலை முடிந்து கீழே இறங்கினால் வெண்டிக்காய்க்காரியாவது என் வாயைக் கிளறுவாள். இங்கே ஹெட்போனைக் கழற்றினால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். ஒரு நாள் அதனோடு கதைத்தேன். "போதும், நிப்பாட்டு" என்றேன். அது நிற்கவில்லை. தனிமை என்றால் இப்படிச் சிரிப்பாகவும் இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சிரித்து முடிந்த பிறகு இருட்டும்வரை கதிரையிலேயே இருந்தேன்.

ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மதியம், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. டொக்டர் ஒரு இளம்பெண். நோயாளி அறுபத்தைந்து வயதுக்கு மேல், சீனி வருத்தம், வலது பாதத்தில் புண் அழுகிவிட்டது. பாதத்தை எடுக்க வேண்டும், அவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் என் இலக்கத்தைச் சொல்லி, "ஐயா, நீங்கள் சொல்லுறது எல்லாத்தையும் நான் டொக்டருக்குச் சொல்லுவன்" என்று வழக்கமான பல்லவியைப் பாடினேன்.

"ஓம் ஓம்" என்றார். அடுத்த மூச்சில், "பிள்ளை எந்த ஊர்?" என்றார்.

தமிழர் ஒருவர் வேறென்ன கேட்பார்? நான் ஜெர்மனில் டொக்டரிடம் கொடுத்தேன். அவர் கொஞ்சம் திகைத்து, "நானா? காசல்" என்றார்.

"நான் காசல்" என்றேன் தமிழில்.

"அது டொக்டர். நான் உங்களைக் கேட்டனான்."

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் நேரே பாதத்தின் கதைக்கு வந்தார். ஐயாவும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார். பாதம், புண், இரத்த ஓட்டம் என்று டொக்டர் விளக்கியதை எல்லாம் நான் சொல்லச் சொல்ல அமைதியாகக் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "தங்கச்சி, நேரம் பன்ரண்டாகுது. நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. ஏழு வாரமாக ஒரு மனிதரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். "நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்களா?" என்று டொக்டரிடம் கேட்டேன். டொக்டர் சிரித்து, காலையில் ஒரு பாண் துண்டு சாப்பிட்டதாகச் சொன்னார். பாண் துண்டு சாப்பிட்டேன் என்று நான் அவருக்குச் சொன்னேன்.

அப்போதுதான் மணி அடித்தது. வெயில் நாள், என் ஜன்னல் திறந்திருந்தது. இந்த ஊர்த் தேவாலய மணிக்குக் கொஞ்சம் பிசிறடித்த குரல், பழைய அண்டாவைத் தட்டுவது போல. ஜன்னலில் ஒன்று கேட்டது, அரை நொடி பிந்திக் காதுக்குள் ஒன்று கேட்டது. டொக்டர் மன்னிப்புக் கேட்டு எழும்பித் தன் ஜன்னலைச் சாத்தினார். நான் எழும்பி என் ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த ஆள் நாலு தெரு தள்ளிப் படுத்திருந்தார்.

அன்று அவர் கையெழுத்து வைக்கவில்லை. "முப்பது வருஷத்துக்கு மேலை இந்த ஊரிலை இருக்கிறன். தமிழிலை கதைக்க ஒரு சீவன் இல்லை" என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஜெர்மன் குசினி ஜெர்மன். காலை வெட்டுற கதைக்கு அது காணாது."

அழைப்பு முடிந்ததும் சட்டப்படி குறிப்பைக் கிழித்துப் போட்டேன். கிழித்தால் மறந்துவிடுமா? அவரைப் பார்க்கப் போனால் வேலை போகும். நாற்பத்தெட்டு வயதில் வேறு என்ன வேலைக்குப் போவேன்? அதைவிட இன்னொரு பயமும் இருந்தது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். போனால் அவரும் கேட்பார்: கலியாணம் கட்டினீங்களோ, அவர் எங்கை, பிள்ளையள் இல்லையோ. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்தேன். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போகாமல் திரும்பி வந்தேன். கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

புதன்கிழமை காலை திரும்பவும் எனக்கே அழைப்பு வந்தது. தமிழுக்கு நாங்கள் சில பேர்தான், அதனால் அது பெரிய அதிசயமில்லை. டொக்டரின் குரல் மாறியிருந்தது. நஞ்சு மேலே ஏறுகிறது, நாளைக்குள் செய்யாவிட்டால் முழங்காலும் போகும், அதற்குப் பிறகு உயிருக்கே உத்தரவாதமில்லை என்றார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "டொக்டர் நல்ல பிள்ளை. ரெலிபோனிலை கதைக்கிற பிள்ளையும் நல்ல பிள்ளை" என்றார். "ஆனால் முகம் தெரியாத ஆளின்ரை சொல்லைக் கேட்டுக் காலைக் குடுக்க ஏலாது. எங்கடை ஆக்களிலை ஒராள் வந்து பக்கத்திலை இருந்தால் யோசிப்பன். ஆர் வரப்போகினம்?"

அதையும் மொழிபெயர்த்தேன். அந்த முகம் தெரியாத ஆள் நான்தான் என்பதை என் வாயாலேயே ஜெர்மனில் சொன்னேன். அழைப்பு முடிந்தது. அன்று மதியம் சமைக்கப் பிடிக்கவில்லை. வேலை தருகிற அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினேன்: நோயாளி இருக்கும் ஊரில் நானும் இருக்கிறேன், அவரைப் பார்க்கப் போகிறேன், இனி அவருடைய அழைப்பை எனக்குத் தர வேண்டாம். அனுப்பிவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் அடுத்த நாள் காலை கையெழுத்து வைத்தார். பாதம் போனது, முழங்கால் தப்பியது. கையெழுத்து வையுங்கோ என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையுமில்லை. அலுவலகம் இரண்டு வாரம் எனக்கு ஒரு அழைப்பும் தரவில்லை, பிறகு எச்சரித்து ஒரு கடிதம் அனுப்பித் திரும்ப எடுத்தது. ஓகஸ்டில் புதுக் குழாய் போட்ட வீட்டுக்குத் திரும்பினேன். தனிமை தீர்ந்ததா என்றால் இல்லை, அது என்னோடுதான் ரயிலேறி வந்தது. வெண்டிக்காய் மட்டும் திரும்ப வாங்குகிறேன்.

அந்தப் புதன்கிழமை நான் போனபோது ஆஸ்பத்திரி அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் ஒரு ஜெர்மன் கிழவர் நித்திரை. ஜன்னலோரக் கட்டிலில் மெலிந்த ஒரு மனிதர், துணி சுற்றிய கால் தலையணைமேல் கிடந்தது. "வணக்கம் அண்ணை" என்றேன். தொலைபேசியில் ஐயா என்றவள், நேரில் கண்டதும் வாயில் அண்ணை என்றே வந்தது.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றார்.

"வணக்கம் அண்ணை."

"ரெலிபோன்" என்றார். "நீங்கள் அந்த ரெலிபோன் தங்கச்சி."

"ஓம்."

"எங்கையிருந்து வாறியள்?"

"நாலு தெரு தள்ளி."

அவருக்கு அதை நம்ப நேரம் எடுத்தது. எங்கே வேலை செய்தவர் என்று கேட்டேன். ஸ்டேஷனுக்கு முன்னால் இருக்கிற பீட்சாக் கடையில், பின்பக்கம், மாக் குழைக்கிற வேலை என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என் சொந்த அண்ணா பத்து வருடம் பீட்சா போட்டவர். இந்தியக் கடை இருக்கிற ஊரை எல்லாம் வெட்டித் தள்ளிய எனக்குப் பீட்சாக் கடைக் குசினியிலும் எங்கள் ஆள் நிற்கலாம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்த புதிதில் ஞாயிறு ஞாயிறாக இந்த மனிதர் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தேன். அடுத்து கேட்கப் போகிறார் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். புருஷன் எங்கை என்று கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் வைத்திருந்தேன்.

"சாப்பிட்டீங்களோ?" என்றார்.

பழக்கதோஷம், நாக்கு ஜெர்மனுக்குத் திரும்பியது. டொக்டர் இல்லை, தொலைபேசி இல்லை. அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

"இல்லை அண்ணை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டில் மிச்சமாயிருந்த பாணையும் சீஸையும் தட்டோடு என் பக்கம் தள்ளி வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தன் காலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.