சாம்பார் வண்டிக்கு அலாய் வீல்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கும்போது காலை மணி ஏழேகால். திண்டிவனத்தில் இருட்டோடு பாசஞ்சர் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் கடைசித் துண்டுப் பயணம். அந்தக் கடைசித் துண்டில்தான் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார இடம் காலியாக இருக்க, இத்தனை பேர் ஏன் வாசலிலேயே நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று யோசித்தேன். வண்டி நின்றதும் விளங்கியது. எல்லாரும் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினார்கள்.

வெளியே "ஒரகடம் ஒரகடம் ஒரகடம்" என்று ஒரே கூப்பாடு. ஒருத்தர் என் பையையே பிடித்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லப்பா, தங்கச்சி வூடு. இங்கதான், பின்னால."

"அப்ப நடந்து போ. வூட்டுக்குப் போறவனுக்கு இந்த ஊர்ல ஆட்டோ கெடையாது."

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னார். நடந்தேன்.

என் தங்கை மல்லிகா நடத்துவது ஒரு மெஸ். மேசை நாற்காலியெல்லாம் கிடையாது. வீட்டில் சமைத்து, காரில் ஏற்றி, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரகடத்துக்குப் போய், அங்கிருந்து உள்ளே வடக்குப்பட்டில் ஒரு ஹாஸ்டலில் இறக்குவாள். தென்மாவட்டத்துப் பையன்கள் அறுபது பேர் அங்கே இருக்கிறார்கள். இரண்டாம் ஷிப்டுக்கான கம்பெனி பஸ் மதியம் ஒரு மணிக்கு வந்துவிடும். பன்னிரண்டரைக்குள் சாப்பாடு போய்ச் சேர வேண்டும். இந்த மாதம் இரண்டு தடவை வழியில் பஞ்சர். இரண்டு தடவையும் பையன்கள் பிஸ்கட் தின்றுவிட்டு லைனில் போய் நின்றார்கள். இன்னொரு தடவை லேட்டானால் ஆர்டர் வாலாஜாபாத் மெஸ்ஸுக்குப் போய்விடும் என்று ஹாஸ்டல் மேனேஜர் சொல்லிவிட்டார். மல்லிகாவுக்கு இருக்கிற பெரிய ஆர்டர் அது ஒன்றுதான்.

கார் பதினாறு வருஷத்துப் பழசு, சின்ன வண்டி. நிறம் வெள்ளை என்று ஆர்சி புக்கில் போட்டிருக்கிறது. இரும்பு வீல்கள் விளிம்பு நசுங்கித் துரு ஏறிக் கிடந்தன. உள்ளே டியூப். ஸ்கிராப் லாரிகள் அந்த ரோட்டில் இரும்புச் சுருளைச் சிந்திக்கொண்டே போகும். ஒன்று குத்தினால் போதும், டியூப் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வீலை மாற்றியே ஆக வேண்டும் என்பதில் புருஷன் பெண்சாதிக்குள் சண்டை இல்லை. அலாய் வீல் போட்டுவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை சேகர். பழைய வண்டிக்கு அவ்வளவு போடணுமா என்கிறாள் மல்லிகா. அதே மாதிரிக் காரை ஒன்பது வருஷம் ஓட்டி விற்றவன் நான் என்பதால், "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு" என்று இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு போன் போட்டிருந்தார்கள்.

சேகர் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"தூங்கலையா மாப்ளே?"

"இப்பத் தூங்கினா சாயந்திரந்தான் எழுந்திருப்பேன் மச்சான். ஒரகடத்துல வீல் கடை பாய் சாயந்திரம் வரைக்குந்தான் அலாய் செட்டை வெச்சிருப்பேன்னுட்டாரு. வேற ஆள் ரெடியா கீறானாம்."

மல்லிகா விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவள். சாம்பாரை உதவிக்கு வருகிற இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் சாவியை எடுத்தாள். வண்டி ஓட்டுகிற ஆள் அவள்தான்.

"வாண்ணா. காலி வண்டியாப் போய்ட்டு வந்துடலாம். நேத்து ஒட்டின டியூபு எந்நேரம் போவும்னு தெரியல."

எட்டேகாலுக்குக் கிளம்பினோம். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்திருந்தார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். சேகர் பின்னால் ஓர் அரிசி மூட்டையின் மேல். ரோடு அகலமான ரோடு, ஆனால் அதன் பாதியைக் கன்டெய்னர் லாரிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் நீள நீளமாக மதில். மதிலுக்கு மேல் கூரை தெரியும், கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது தெரியாது. திரை போட்ட கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஜன்னலில் சாய்ந்த தலைகள் எல்லாம் தூக்கத்தில் இருந்தன. வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே மாதிரித் தூங்கியதால், வேலைக்குப் போகிற பஸ் எது, முடித்து வருகிற பஸ் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கரீம் பாயின் கடை ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி. தகரக் கூரை, காற்று மெஷின், சுவரெல்லாம் வீல். பாய் எங்கள் காரைச் சுற்றி வந்தார்.

"வண்டி இன்னா இப்டி கீது? வீலைத் தட்டினா துரு கொட்டுது. இதுல டியூப்லெஸ் நிக்காது தங்கச்சி, காத்து விளிம்புலயே போய்டும்."

காட்டிய அலாய் செட், ஒருத்தர் புதுக் கார் வாங்கி ஒரு வாரத்திலேயே வேறு டிசைன் போட்டுக்கொண்டு கழற்றிப்போட்டது. எங்கள் வீலைவிட ஒரு இன்ச் பெரிசு. அகலமான பட்டை டயரோடு சேர்த்து இருபத்திரண்டாயிரம். காரையே விற்றால் அறுபதாயிரம் தேறுமா என்பது சந்தேகம். மல்லிகா என்னைப் பார்த்தாள். சேகரும் என்னைப் பார்த்தார். நான் வீலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"பயப்படாத. மாட்டிக்கினு போ. உன் பழசு நாலும் இங்க கெடக்கட்டும். ஓட்டிப் பாத்துட்டு சாயந்திரம் வந்து சொல்லு. புடிக்கலனா கழட்டிக்கலாம்" என்றார் பாய். அந்தப் பக்கம் அப்படி ஒரு வழக்கமாம்.

மாட்டினார்கள். திரும்பி வந்த பன்னிரண்டு கிலோமீட்டரும் சேகர் மூட்டையின் மேல் தூங்கவே இல்லை. ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலும் வண்டியின் நிழலைப் பார்த்துக்கொண்டே வந்தார். வண்டியும் வழுக்கிக்கொண்டு போனது. "எப்டி மச்சான்? பெரிய வண்டில போற மாரி இல்ல?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

மூன்று பேரும் கோட்டைவிட்டது அங்கேதான். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம்.

பதினொன்றரைக்குச் சாப்பாடு ஏற்றினோம். சோற்று அண்டா இரண்டு, சாம்பார் ஒன்று, ரசம், பொரியல், மோர் கேன். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. சேகர் அண்டாக்களுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டார். ரோடு நன்றாக இருந்தவரை ஒன்றுமில்லை. ஒரகடம் தாண்டி உள்ளே திரும்பியதும் முதல் வேகத்தடை.

சர்ர்ரக்.

"இன்னாது?" என்றாள் மல்லிகா.

"ஒண்ணுமில்ல, ஓட்டு" என்றார் சேகர்.

அடுத்த பள்ளத்தில் மறுபடி. அதற்கடுத்ததில் ரப்பர் தீய்கிற வாடை சாம்பார் வாசனையையும் மீறி வந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தோம். பாரத்தில் வண்டி தாழ்ந்து, மட்கார்டின் விளிம்பு பின்டயரைச் சீவிக்கொண்டிருந்தது. டயர் பட்டையாக இருந்ததுதான் வினை. பழைய வீல் பாய் கடையில். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"மெதுவாப் போலாம்" என்றார் சேகர்.

"மெதுவாப் போனா ஒரு மணி. வேகமாப் போனா டயர் கிழியும்." மல்லிகா பின்கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் எறங்குங்க."

"நாங்க எதுக்கு?"

"அறுபது பேர் சோத்தை எறக்க முடியாது. உங்க ரெண்டு பேரைத்தான் எறக்க முடியும்."

நாங்கள் இறங்கியதும் வண்டி இரண்டு விரல்கடை உயர்ந்தது. கண்ணால் பார்த்தேன். நாங்கள் எதற்கு வந்தோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்காது. அவள் போய்விட்டாள்.

வடக்குப்பட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் என்றார் சேகர். அந்த வழியில் நிழல் என்று ஒன்று இருந்ததென்றால் அது நிற்கிற லாரிகளுக்கு அடியில்தான். டிரைவர்கள் அங்கே ஸ்டவ் வைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிதுங்கிவழிந்த ஷேர் ஆட்டோ ஒன்று எங்களுக்காக வேகத்தைக் குறைத்து, உள்ளே இருந்தவர்கள் முறைத்ததும் மறுபடி வேகமெடுத்தது. எனக்கு முழங்கால் வலி. சேகருக்கு இரண்டு நாள் தூக்கம் பாக்கி. நடந்தோம். பாதி தூரத்தில் அவராகவே ஆரம்பித்தார்.

"என் லைன்ல தெனம் எத்தினி வண்டி வெளிய போவுது தெரியுமா மச்சான். எல்லாத்துக்கும் வீலு நான்தான் முடுக்குறேன். ஒண்ணொண்ணும் கண்ணாடி மாரி இருக்கும்."

"ம்."

"வெளிய வந்தா நம்ம வண்டி. நான் கம்பெனி கேட்டுக்குள்ள நுழையும்போது ஒருத்தன் என்னப் பாத்துக் கத்துவான், 'டேய், சாம்பார் வண்டி வருது, வழி வுடு, கொட்டிடப் போவுது.' சிரிச்சிகினேதான் சொல்றான். நானும் சிரிச்சிகினேதான் போறேன்."

"எத்தனை வருஷமா?" என்று கேட்டேன்.

"அவ மெஸ்ஸு ஆரம்பிச்சதுலேர்ந்து. அவகிட்ட சொல்லல. சொன்னா, சாம்பார்லதான சோறு துன்றம்னுவா. அதுவும் கரெக்ட்டுதான." அவர் கொஞ்ச தூரம் போய், "அவளுக்கு அது தொழிலு மச்சான். எனக்கு அது நாலு பேர் பாக்குற மூஞ்சி" என்றார்.

ஹாஸ்டலை அடைந்தபோது பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வெறும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு வந்து சேர்ந்துவிட்டது. மேனேஜர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். திருநெல்வேலிப் பையன் ஒருவன் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் எங்களைப் பார்த்து நின்றான்.

"அண்ணாச்சி, நடந்தா வாரிய? அக்கா கரெக்டா வந்துட்டாவ. வண்டி என்ன, கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்கி! எல்லாரும் அதுகூட போட்டோ எடுத்தாச்சுல்லா!"

சேகரின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகத் தூக்கம் கலைந்தது. அவர் போய் வீலின் மேல் படிந்த புழுதியைக் கைக்குட்டையால் துடைத்தார். மல்லிகா பின்டயர் பக்கம் குந்தி, சீவிப்போன இடத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். துடைக்கிறவரையும் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வதற்காகவே திண்டிவனத்திலிருந்து வந்தவன் நான், மோர் கேனைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

திரும்பும்போது காலி அண்டாக்கள். வண்டி மறுபடி வழுக்கிக்கொண்டு போனது, ஒரு சத்தமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரகடம் சிக்னலில் நின்றபோது சேகர் பின்னாலிருந்து சொன்னார்.

"பாய் கடைக்கு வுடு. கழட்டிடலாம்."

மல்லிகா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "நெசமாவா?"

"நாளைக்கும் சோறு போவணும்ல."

கரீம் பாய் சீவிப்போன டயரைத் தடவி உச்சுக்கொட்டினார். "லோடு ஏத்துவேன்னு நீ சொல்லவே இல்லியேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியே பாய்."

டயர் சீவியதற்கு ஐநூறு ரூபாய் தர வேண்டும் என்றவர், மல்லிகாவின் பார்வையில் முந்நூறுக்கு இறங்கினார். பழைய அளவிலேயே நாலு புது இரும்பு வீல், டியூப்லெஸ் டயர், எல்லாம் சேர்த்துப் பதிமூன்றாயிரத்து எண்ணூறு. கறுப்பு வீல். மாட்டி முடித்ததும் வண்டி பழையபடி அதே சாம்பார் வண்டிதான், கால் மட்டும் கழுவின மாதிரி. சேகர் ஓரமாகப் போய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மல்லிகா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கிய பிளாஸ்டிக் வீல் கேப்புகளைப் பார்த்தாள். வெள்ளி நிறத்தில், தூரத்திலிருந்து அலாய் மாதிரியே இருக்கும்.

"அது எவ்ளோ பாய்?"

"நாலும் சேத்து எண்ணூறு."

"மாட்டிக் குடுங்க." பிறகு என் காதருகே, "அந்தப் பையன் போட்டோ எடுத்தாங்கன்னு சொன்னப்ப இவரு மூஞ்சியப் பாத்தியாண்ணா?" என்றாள். கம்பெனி கேட்டில் கத்துகிறவனைப் பற்றி அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, நான் கேட்கவில்லை.

டீ கிளாஸோடு திரும்பி வந்த சேகர் வண்டியைப் பார்த்து நின்றார். "இது யார் சொன்னது?" என்றார். "பாய் ஓசில குடுத்தாரு" என்றாள் மல்லிகா. பாய் இருமினார்.

ஐந்து மணிக்கு என்னை ஸ்டேஷனில் விட வந்தார்கள். அன்று ராத்திரி சேகருக்கு லீவு. அவரே ஓட்டினார், மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்தவுடன் தூங்கிப்போனாள். நான் மூட்டையின் மேல். பாதி வழியில், மறைந்திருந்த ஒரு வேகத்தடையில் வண்டி எகிறியது. வலது பக்கம் முன்னாலிருந்து ஒரு கேப் கழன்று, எங்களை முந்திக்கொண்டு கொஞ்ச தூரம் உருண்டு ஓடி, எதிரே வந்த கன்டெய்னர் லாரிக்கு அடியில் போனது. மொறுக்கென்று ஒரு சத்தம்.

சேகர் பிரேக்கில் கால் வைத்தார். தூங்குகிற மனைவியைப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

"சொல்லாதீங்க மச்சான்" என்றார் மெதுவாக.

எங்கள் ஊரில் ஒரு கார் எதற்காக ஓடுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். இங்கே யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவு பெரிய ரோட்டில் ஒரு மனுஷன் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள அவனுக்கு இருப்பது நாலு சக்கரம். எனக்கு உடம்பெல்லாம் வலித்தது. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயத்தில் எப்படியோ ஒரு முடிவு வந்துவிட்டது என்கிற நிம்மதியும் கொஞ்சம் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் இறங்கிப் படியேறித் திரும்பினேன். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் சேகர் நேரே போகாமல் அந்த நெரிசலுக்குள் வண்டியை முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார் என்று முதலில் புரியவில்லை. திருப்பி முடித்து, இடது பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டுக் கையாட்டினார். அந்தப் பக்கத்தில் இரண்டு கேப்பும் சாயந்திர வெயிலில் மின்னின. நானும் கையாட்டினேன்.