சின்னத்தாயின் தையலைத் திருத்திய வன்மம்

"சின்னத்தாய் தப்பாத் தைச்ச பீசை நான் திருப்பி அனுப்பாம உட்டேன்னா, எம் பேரு மருதாளே இல்லீங்க!"

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் மருதாள் இப்படிச் சபதம் செய்தபோது மின்விசிறிகள்கூட நின்று கேட்டன. கரண்ட் போயிருந்தது.

காரணம் பெரிது. தேனிப் பக்கமிருந்து வந்த புது டைலர் சின்னத்தாய், முதல் நாளே அன்பாக, "பேரன் பேத்தி எத்தனக்கா?" என்று கேட்டுவிட்டாள். மருதாளுக்கு வயது நாற்பத்திரண்டு.

பொறாமை சுயநலமானது, அடுத்தவர் வீடு தனக்கு வேண்டும் என்னும். வன்மமோ பெரிய தியாகி. அடுத்தவர் கூரை ஒழுக வேண்டுமென்று தன் கூரையிலும் ஓட்டை போடும். சின்னத்தாயின் பீசையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததில் மருதாளின் சொந்த வேலை தேங்கியது. சூப்பர்வைசர் மோகன்ராஜிடம் திட்டும் கிடைத்தது. ஆனாலும் தப்பு கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் விழுந்தது.

"இதென்னங்க, தையலுங்களா, எறும்பு ஊர்ந்த தடமுங்களா?"

சின்னத்தாய் பிரித்தாள், மறுபடி தைத்தாள். போகப் போக ஸ்டிக்கர் ஒட்ட இடம் கிடைக்காமல் மருதாள் தவித்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் பாராட்டி மெயில் போட, முதலாளி எல்லோருக்கும் மைசூர்பா கொடுத்தார். அந்த மைசூர்பாவுக்காகப் பேத்திக் கேள்விக்கு நாங்கள் இன்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு ஓர் அவசர ஆர்டர். "இந்த லாட்ல யார் பீஸ் திரும்பி வந்தாலும் அந்த டைலர் நாளையிலிருந்து வேண்டாம்" என்றார் மோகன்ராஜ். சின்னத்தாய் தைத்த பீஸ் பண்டிலை மருதாள் பிரசாதம்போல இரு கையாலும் வாங்கினார்.

கிடைத்தது. ஒரு பீசின் கை மடிப்பில் தையல் விட்டிருந்தது. ஸ்டிக்கரை உரித்து விரலில் வைத்தபோது டீ மணி அடித்தது. டீ குடிக்கக் கிளம்பிய சின்னத்தாய் மேசையருகே நின்றாள்.

"யக்கா, நேத்து எங்காத்தாட்ட போன்ல சொன்னேன். நீங்க மட்டும் இந்த வெரட்டு வெரட்டலைன்னா எனக்குத் தொழில் கைக்கு வந்திருக்காது. நல்லா இருக்கணும்க்கா நீங்க."

"நக்கலுங்களா?"

"சத்தியமா இல்லக்கா. வாங்க, டீ ஆறிரும்."

மருதாள் அந்த முகத்தைப் பீசைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். பழுது எதுவும் அகப்படவில்லை. எதிராளி துடிப்பதைத் தின்று வாழ்வது வன்மம். அதன் இலையில் நன்றியைப் பரிமாறினால் பாவம், என்னதான் செய்யும்?

"நீ போ கண்ணு, வர்றேன்."

ஆளெல்லாம் போனதும் சின்னத்தாயின் மெஷினில் உட்கார்ந்தார். செக்கிங்குக்கு வருமுன் பல வருடம் தைத்த கால் பெடலை மறந்திருக்கவில்லை. கை மடிப்பில் தையல் அடித்து, நூலை வெட்டி, செக்கிங்கில் பாசான அடுக்கின் நடுவே அந்தப் பீசைச் செருகிவிட்டு எழுந்து போனார்.