இடது பக்கத்து ஸீட்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் சென்னையிலிருந்த என் தம்பி ஃபோனிலேயே சிரித்தான். "எக்கா, முட்டு வலின்னு சொல்லுத. தரையோட தரையா இருக்கும் அது. எப்படி ஏறி எறங்குவ?" என்றான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவனைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இருக்கவில்லை.

அப்போது நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பதுதான் என் வேலையாக இருந்தது. அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவரை கறிவேப்பிலைக்கோ சாவி கொடுத்து வைக்கவோ யாராவது கதவைத் தட்டுவார்கள். செம்பூரில் நான் வாங்கிய ஃப்ளாட்டில் கூரியர்க்காரரைத் தவிர யாரும் மணி அடித்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி வேலையில் இருந்தவரை நான் பெரிதாக நினைத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு, சில நாட்களில் மாலைவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன் என்பது தெரிய வந்தது.

ஏன் ஸ்போர்ட்ஸ் கார் என்றால், எனக்கு அந்த வடிவம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். அதோடு, நாலு பேர் உட்காரும் காரில் நான் போனால் மூன்று இடம் காலியாக இருக்கும். இதில் ஒன்றுதான்.

மாட்டுங்காவில் ஒரு கார் விற்பனைக்கு இருப்பதாக இணையத்தில் பார்த்தேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது, இரண்டு ஸீட், மடக்கி வைக்கும் துணிக்கூரை. ஃபோன் செய்தபோது எடுத்தது வயதான ஒரு மாமி. "நான் வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் அதன் பாதிக் கோளாறு வெளியே தெரியாது. "ஸ்டார்ட் பண்ண இங்க யாரு இருக்கா?" என்றார் மாமி.

ஞாயிறு காலை டார்ச், காந்தம், சின்னச் சுத்தியல், நின்றுபோன காரை ஸ்டார்ட் செய்ய ஒரு சின்னப் பேட்டரி, கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய புடவை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள், பாதி வீடுகள் காலியாகிவிட்டன. காம்பவுண்டின் ஓரத்தில் தார்ப்பாயின் கீழே கார் நின்றது. மாமி மேலேயிருந்து மெதுவாக இறங்கி வந்தார். கணவர் இறந்து ஏழெட்டு மாதம் ஆகிறது, பெங்களூரில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான், போவதற்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த எண்ணையும் காரின் சேசிஸில் பொறித்திருந்த எண்ணையும் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஆனால் பெயர் இன்னும் கணவர் பெயர்தான், விற்பதற்கு முன் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். பிறகு காந்தத்தை ஒரு துணியில் சுற்றிக் காரின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்தேன். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். ஓட்டையை அடைத்துப் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் வழுக்கிக் கீழே விழும். சக்கரங்களுக்கு மேலே இரண்டு இடங்களில் விழுந்தது. கடல் காற்றில் இவ்வளவு வருஷம் நின்ற காருக்கு அது பெரிய குறையில்லை. கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெள்ளையாக எதுவும் படிந்திருக்கவில்லை, ஆகவே தண்ணீர் கலக்கவில்லை.

அப்புறம் ஸீட்டுகளைப் பார்த்தேன். கார் எவ்வளவு ஓடியது என்பதை மீட்டரைவிட ஸீட்டும் பெடலும் உண்மையாகச் சொல்லும். ஓட்டுபவரின் ஸீட் நன்றாக அமுங்கி, தையல் பிரிந்து, ஓரத்தில் தோல் வெடித்திருந்தது. இடது பக்கத்து ஸீட் புத்தம் புதிதாக இருந்தது. கையால் அழுத்தினேன், ஸ்பிரிங் விறைப்பாக எதிர்த்துக்கொண்டு வந்தது.

"இந்த ஸீட்டை மட்டும் சமீபத்துல மாத்தினாரா மாமி?"

"இல்லையே. அதுல யாரும் ஒக்காந்ததில்லே."

"நீங்க?"

"நானும்தான்" என்றார் மாமி. "ஞாயித்துக்கிழமைன்னா எட்டு மணிக்குக் கிளம்பிடுவார். சாப்பாட்டுக்கு வந்துடுவார். எங்கே போறேள்னு முதல்ல எல்லாம் கேட்டிண்டிருந்தேன். சும்மா ஒரு ரவுண்டுன்னுவார். அப்புறம் கேக்கறதை விட்டுட்டேன்."

நான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பியது. நீலப் புகை கொஞ்ச நேரம் வந்து நின்றது. அடியில் சேசிஸைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, அதற்குக் குழி உள்ள ஒர்க்‌ஷாப் வேண்டும் என்றேன். ரிப்பேருக்குக் கணவர் எப்போதும் தாராவியில் ஒருவரிடம்தான் விடுவார் என்று மாமி முகவரியைச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

இடது பக்கத்து ஸீட்டில் அவரை உட்கார வைக்க நேரமாயிற்று. தரைக்கு அவ்வளவு அருகில் உட்கார்ந்து பழக்கமில்லை. நான் மெதுவாகவே ஓட்டினேன். சயானுக்குப் பக்கத்தில் சிக்னலில் நின்றபோது பைக்கில் வந்தவர்கள் எங்களை ஃபோட்டோ எடுத்தார்கள். மாமி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி, "யாரோ ஒருத்தி இருக்கான்னுதான் நெனச்சிண்டிருந்தேன்" என்றார். "இத்தனை வருஷமும். வாயைத் திறந்து கேட்டதில்லே." என் பக்கம் திரும்பவில்லை.

ஒர்க்‌ஷாப் உரிமையாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். காரின் சத்தத்தைக் கேட்டே சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஸாரு எங்க? ரொம்ப நாளா ஆளையே காணலியே."

இறந்துவிட்டார் என்று நான்தான் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். "எங்களுக்கு ஒரு சேதி சொல்ல ஆளில்லாமப் போச்சே" என்றார். பிறகு காரிலிருந்து இறங்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்த மாமியைக் காட்டி, "இவுக யாரு?" என்றார்.

"ஸாரோட வீட்டம்மா."

"வீட்டம்மாவா?" அவர் என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஸாருக்கு வீட்ல யாருமில்லன்னுல்லா நாங்க நெனச்சிக்கிட்டிருந்தோம். ஒண்டி ஆளுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் மாமிக்குக் கேட்டுவிட்டது.

அவரே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார், டீ வாங்கி வந்தார். மாமி டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கே வந்து என்ன பண்ணுவார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டாவம்மா. காடியை இங்கன நிறுத்திட்டுப் பேப்பர் படிப்பாவ. நாங்க வேலை செய்யதப் பாத்துக்கிட்டு இருப்பாவ. பன்னெண்டு மணி வாக்குல எந்திரிச்சுப் போவாவ. அதிகமா ஒரு பேச்சு கெடயாது. நல்ல மனுசன்."

"வேற எங்கேயும் போக மாட்டாரா?"

"வேற எங்க போவாவ? ஞாயித்துக்கிழம பூரா இங்கனதான்."

அதற்கு மேல் கேட்டுக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் நான் குழிக்குள் இறங்கினேன். நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கும். முன்பக்கம் அப்படித்தான் கேட்டது. பின்சக்கரத்து ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தில் தட்டியதும் சத்தம் செத்துப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. துரு பொடிப் பொடியாக என் முகத்தில் உதிர்ந்தது. மறுபக்கமும் அதே கதை. இந்தக் காரில்தான் மாமியை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பாய் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன் மேடம், வெட்டியெடுத்துப் புதுசா வெல்ட் வைக்கணும்னு. எனக்கப்புறம் யாரு ஓட்டப்போறா, விடு பாய்னுட்டாவ."

மேலே வந்து மாமியிடம் நேராகச் சொன்னேன். பின்பக்கம் எந்த நேரமும் விட்டுப்போகும், சரிசெய்ய வேண்டுமென்றால் முழுக் காரையும் கழற்ற வேண்டும், அது என்னால் ஆகாது, நான் வாங்கவில்லை, திரும்பி ஓட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. அவர் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காரைப் பார்க்கக்கூட இல்லை. "சரி, இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

டாக்ஸியில் மாட்டுங்காவுக்குத் திரும்பினோம். மாமி, "வீட்ல யாருமில்லேன்னு அவரே சொன்னாரா, இல்லே இவாளா நெனச்சிண்டாளா? நீங்க என்ன நெனைக்கறேள்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன்.

"யாராவது ஒருத்தி இருந்திருந்தாக்கூடத் தேவலைன்னு தோண்றது" என்றார் மாமி.

அவர் காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார், ஆனால் வீட்டுக்குள் போனதும் மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. அன்று செம்பூர் வந்து புடவையிலிருந்த துருவைத் துவைத்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்தது, யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூட ஒருவர் இருந்திருந்தால் என் வீடு இப்படி இருந்திருக்காது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். முப்பது நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த இருவரின் கதையைப் பார்த்த பிறகு அந்த நம்பிக்கையும் இல்லை. இன்னும் தனியாகிவிட்டதுபோல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மாமி ஃபோன் செய்தார். காரைப் பாயே பிரித்து எடுத்துக்கொண்டுவிட்டாராம். "உங்களுக்கு ஏதாவது கெடச்சுதா?" என்று கேட்டார். தானாவில் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா என்றேன். அன்றுதான் பெங்களூருக்கு விமானம் என்றார்.

தானாவுக்குத் தனியாகப் போனேன். அந்தக் காரின் அடிப்பகுதி முழுக்கத் தட்டிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் கணீரென்றது. முன்பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாமியைக் கூப்பிட்டேன். ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, விமானத்தில் இருந்திருப்பார். ஸ்டேஷனுக்கு நடந்து, செம்பூர் போக ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். "நல்ல வண்டியா? நன்னாப் பாத்தேளா?" என்றார். பார்த்தேன் என்றேன். பிறகு பெங்களூரில் குளிர்கிறது, பேரனுக்கு ஸ்கூல் திறந்துவிட்டது, பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று பேசிக்கொண்டே போனார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.