சேணத்தின் உயரத்தில் ஒரு கேமரா

கனிஷாய் படமெடுக்க மலைக்குப் போகிறாள் என்றால் கூடவே ஓர் ஆப்பிள் பெட்டியும் போகும். இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையிலிருந்து பழம் ஏற்றி வரும் சாதாரண மரப்பெட்டிதான். மூலைகளில் தகரப் பட்டை அடித்து வலுவாக்கியிருந்தாள். கேமராவைத் தாங்கும் கால்களை எட்டின மட்டும் உயர்த்திவிட்டு, தான் அந்தப் பெட்டியின்மேல் ஏறி நின்றுதான் பார்ப்பாள். மலையடிவார ஊரான அத்பாஷியின் கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. மலை அவ்வளவு உயரம் இருக்கும்போது இவளுக்குப் பெட்டி வேறு கேட்கிறதா என்பார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் தெமிர்குல். பளபளப்பாகத் தேய்த்த கறுப்புக் கல்லறைக் கல்லில் இறந்தவர்களின் முகங்களை ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் கொத்துகிறவர். அவருடைய பட்டறைக்கும் கனிஷாயின் படக்கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். கசங்கிப்போன பழைய அடையாள அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தார் அவளிடம் வருவார்கள். அவள் அதைத் துலக்கிப் பெரிதாக்கிக் கொடுப்பாள். அதைப் பார்த்து அவர் கல்லில் கொத்துவார். அந்த வேலையும் கல்யாணங்களும்தான் அவளுக்குச் சோறு போட்டன. மலைகளைப் படமெடுப்பது அவள் தனக்காக வைத்துக்கொண்ட வேலை.

ஒருநாள் பெட்டியைப் பற்றி அவளிடமே கேட்டுவிட்டார்.

"நம்ம ஆளுங்க இந்த நிலத்தை நடந்துபோயா பார்த்தாங்க, அண்ணே? குதிரை மேல இருந்துதானே பார்த்தாங்க. அவங்க கண்ணு இருந்த உயரத்துலதான் என் கேமராவும் இருக்கணும்" என்றாள்.

தெமிர்குல் அடுத்த முறை மச்சான் வீட்டுக்குக் குதிரையில் போகும்போது, ஓடைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். சேணத்தில் உட்கார்ந்திருக்கையில் ஓடை வளைந்து வளைந்து போவது அடிவாரம் வரை தெரிந்தது. இறங்கி நின்றார். புல்தான் தெரிந்தது, ஓடையைக் காணோம். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். அந்த வழியாக வந்த ஒருவன், குதிரை முரண்டு பிடிக்கிறதா என்று விசாரித்தான். அதற்குப் பிறகு தெமிர்குல் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். அடியோடு விடவில்லை.

கனிஷாய்க்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. இளம் வயதில் ஊர்ப் படக்கடையில், கழுவிய படங்களைக் கயிற்றில் காயப்போடும் வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவற்றைக் கடைக்காரர் அடுப்பில் போடச் சொல்வார். அவள் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், இது ஏன் பிடிக்காமல் போயிற்று என்று யோசிப்பாள். பிடித்துப்போன படங்களிலிருந்து தான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பாள். கடை கைமாறியபோது அவளே அதை எடுத்து நடத்த ஆரம்பித்தாள்.

ஓர் இடத்துக்கு முதல்முறை போகும்போது கேமராவைக் கொண்டுபோகமாட்டாள். அங்கே கோடைக்கு வந்திருப்பவர்களோடு உட்கார்ந்து பால்தேநீர் குடிப்பாள். நாய் எங்கே படுக்கும், காற்று எந்தப் பள்ளத்திலிருந்து வரும், காலையில் எந்தச் சரிவில் முதலில் பனி உலரும் என்று கேட்பாள். வண்டிகள் நிற்கும் வளைவில், எல்லோரும் இறங்கிப் படமெடுக்கும் அந்த இடத்தில், அவள் நின்றதே இல்லை. எடுத்த படத்தைக் கடையில் தலைகீழாக மாட்டிவைத்துக் கொஞ்சநாள் பார்ப்பாள். தலைகீழாகவும் கண்ணை இழுத்தால்தான் நேராக மாட்டுவாள்.

அசனாலி என்ற குதிரை மேய்ப்பவர் இறந்த மறு கோடையில், அவர் மனைவி உல்ஜான் மலையிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினாள். இலையுதிர் கால முடிவில் அவர் நினைவாக ஆண்டு விருந்து. பள்ளத்தாக்கு முழுக்க வரும். அதற்குள் கல்லறையில் கல் நட்டாக வேண்டும். கல்லில் அசனாலியின் முகத்துக்குப் பின்னால் அவருடைய கோடை மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும். எங்கேயோ இருக்கிற மலை வேண்டாம், அந்த மலைதான் வேண்டும் என்பது செய்தி.

தெமிர்குல் பட்டறையில் மலைகள் தயாராகவே இருந்தன. மூன்று சிகரம், ஒரு கழுகு, ஓர் ஓடை. யார் செத்தாலும் அதுதான். கல்லில் முகம் கொத்துவதை ஊர் முல்லா வாரம் தவறாமல் கண்டிப்பார். மலையைப் பற்றி அவரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் உல்ஜான் அந்த மூன்று சிகரத்தை வேண்டாமென்றுவிட்டாள்.

கனிஷாய் போனாள். இரண்டாவது முறை பெட்டியோடும் கேமராவோடும் போனாள். கிளம்பும் சமயத்தில் மழை அடித்து ஓய, மேகத்தின் கிழிசல் வழியாக வெளிச்சம் சாய்ந்து இறங்கியது. புல்வெளி முழுக்க மின்ன, நடுவே உல்ஜானின் மகன் எர்மெக்கின் கம்பளிக் கூடாரம் வெள்ளையாக நின்றது. அவள் அதுவரை எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்று தெமிர்குல் நினைத்தார். தலைகீழாகத் தொங்கியபோதே அப்படி நினைத்தார்.

இலையுதிர் காலம் தொடங்கி மந்தைகள் இறங்கியபின்தான் உல்ஜான் கடைக்கு வந்தாள். படத்தைக் கையில் வாங்கினாள். முகம் மலர்ந்தது, பிறகு மெல்லச் சுருங்கியது.

"உச்சி மூடியிருக்கே" என்றாள்.

தெமிர்குல் எட்டிப் பார்த்தார். கூடாரத்தில் புகை போகும் உச்சி வளையத்தின்மேல் கம்பளியை இழுத்து மூடியிருந்தது. மழை நேரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கல்லில் மழை தெரியாது. பட்டப்பகலில் புகைவாய் மூடிய வீடு என்றால் அடுப்பு அணைந்த வீடு, ஆளற்றுப்போன வீடு. விருந்துக்கு வரும் அத்தனை பேரும் அசனாலியோடு அவர் வம்சமும் முடிந்தது என்றுதான் அதைப் படிப்பார்கள். வாசலில் மகனும் மருமகளும் விருந்தாளிகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, கல்லறையில் கல் வேறு கதை சொல்லும்.

கனிஷாய் குனிந்து அந்த உச்சியைப் பார்த்தாள். "நானும் கூடாரத்துல பொறந்தவதான், அக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வெளிச்சத்தைப் பார்த்தேன், வீட்டைப் பார்க்காம விட்டுட்டேன்."

தெமிர்குல் சமாதானம் சொன்னார். இதற்கெதற்கு இவ்வளவு வருத்தம், கல்லில் கொத்தும்போது கம்பளியை விலக்கி, வளையத்தைத் திறந்து, மேலே ஒரு கீற்றுப் புகையும் போட்டுவிட்டால் முடிந்தது என்றார். வேண்டுமானால் அவளே கணினியில் திறந்துவிடலாம், ரெண்டு நிமிஷ வேலை.

"அதெப்படிண்ணே? மழை பெஞ்சதாலதான் மூடியிருக்கு. மழை பெஞ்சதாலதான் அந்த வெளிச்சமும் வந்தது. மூடியைத் திறந்தா வெளிச்சம் பொய்யாயிடும்."

"நீ மேகத்துக்குக் காத்துக்கிடக்கிறவ. நான் ஊசியில மேகம் பண்றவன். கல்லுல போய் யாரும்மா ஈரத்தைத் தேடப்போறா?"

உல்ஜான் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கம்பளி நனைஞ்சு கயிறெல்லாம் தொய்ஞ்சு நிக்குது, தம்பி. இப்படி நிக்கிற வீட்டுல உச்சியைத் திறந்துவச்சா, அடுப்புல தண்ணி வாங்குற மடையன் யாருன்னுதான் கேப்பாங்க. என் மருமகளைச் சிரிப்பாங்க." அவளும் சிரித்தாள். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தாள். முகம் மட்டும் போதும் என்றாள். சொல்லிவிட்டுக் கிளம்பாமல் பேசினாள்.

"ஊருக்குள்ள அவரு குனிஞ்சேதான் நடப்பாரு. அந்த மேட்டுல ஏறினாதான் நிமிருவாரு. அது பின்னாடி இல்லேன்னா யாரோ மாதிரிதான் இருக்கும். பரவாயில்ல, என்ன பண்றது."

அவள் போனபின் கனிஷாய் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தெமிர்குலின் ஜீப் கணவாயைத் தாண்டுமா என்று கேட்டாள். மேலே பனி விழுந்தாயிற்று, அங்கே இனி ஒரு கூடாரமும் இல்லை, எதைப் போய் எடுப்பாய் என்றார் தெமிர்குல். தெரியவில்லை என்றாள். அந்தப் பதிலுக்காகத்தான் அவர் வண்டியை எடுத்தார் என்று பின்னால் சொல்வார். தெரியாததைத் தெரிந்த மாதிரி அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

மேட்டை அடைந்தபோது வானம் சாம்பல் பூத்திருந்தது. சரிவெல்லாம் வெள்ளை. கனிஷாய் கேமராப் பையைத் திறக்கவே இல்லை. வண்டியின் மறைவில் பெட்டியைப் போட்டு, மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். தெமிர்குல் கால்களை உதைத்துக்கொண்டு அலைந்தார். குடுவைத் தேநீர் ஆறிப்போனது. மலைக்கு முதுகு காட்டி உட்காருவதற்கு வீட்டிலேயே நல்ல சுவர் இருக்கிறதே என்று முணுமுணுத்தார்.

"இங்க எது மாறுதோ அதைப் பார்க்கணும், அண்ணே. மலை மாறாது. மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தா மத்ததெல்லாம் கண்ணுக்குத் தப்பிடும்."

மதியத்துக்கு மேல் சூரியன் எட்டிப் பார்த்தது. தெமிர்குல் கூடாரம் நின்ற இடத்தைப் பார்க்கலாமென்று இறங்கி நடந்தார். பின்னாலிருந்து கனிஷாயின் குரல் வந்தது.

"அப்படியே நில்லுங்க. இன்னும் ஒரு அடி வச்சீங்கன்னா படத்துல கால்தடம் விழுந்துடும்."

அவர் நின்றார். கணுக்கால் வரை பனி. நின்ற பிறகுதான் அவரும் பார்த்தார். கோடை முழுக்கக் கூடாரம் நின்று, மிதிபட்டு, சாம்பலும் சாணமும் ஊறிய தரையில் பனி தங்கவில்லை. வெயில் பட்டதும் அங்கே மட்டும் உருகிவிட்டது. வெள்ளை மேட்டின் நடுவே கறுப்பாக ஒரு முழு வட்டம்.

கனிஷாய் பெட்டியில் ஏறிவிட்டாள். ஆனால் எடுக்கவில்லை. சரிவின் மேலே அசனாலியின் குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கோடை மந்தையோடு இறக்காமல் குளிருக்கு அங்கேயே விடுவது வழக்கம். கூடார வாசலில்தான் அசனாலி அவற்றுக்கு உப்பு வைப்பார். அந்த மண்ணில் இன்னும் உப்பு இருக்கும், அவை தாமே வரும் என்றாள் கனிஷாய். ஒரு சீட்டி அடித்தால் இப்போதே வரும் என்றார் தெமிர்குல், நின்ற இடத்திலிருந்தே.

"சீட்டி அடிச்சா தலையைத் தூக்கிட்டு வரும். யாரோ நிக்கிறாங்கன்னு படத்துல தெரியும். இது அதுங்க இடம், அண்ணே. நாம இல்லாத மாதிரி வரட்டும்."

"நான்தான் நட்டநடுவுல நிக்கிறேனே!"

"நீங்க படத்துக்கு வெளியதான் இருக்கீங்க. அசையாதீங்க."

அவர் அசையவில்லை. கால்கள் மரத்து, பிறகு வலித்து, பிறகு வலியும் போனது. குதிரைகள் தம் போக்கில் மேய்ந்து மேய்ந்து இறங்கின. ஒன்று வட்டத்துக்குள் வந்து தலையைத் தாழ்த்தித் தரையை நக்கியது. அடுத்தது வந்தது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் நிழல் நிறைந்தது. கேமரா ஓரிரு முறை மட்டும் சொடுக்கியது. போதும், வாங்க என்றாள். அவரை வண்டிவரை அவள்தான் தோள் கொடுத்துக் கூட்டிவந்தாள்.

திரும்பும் வழியில் இருவரும் ஒரே கவலையோடு வந்தார்கள். மூடிய வீட்டை வேண்டாமென்றவளிடம் வீடே இல்லாத இடத்தை எப்படிக் காட்டுவது? அவங்களுக்குப் பிடிக்கலேன்னா முகம் மட்டும்தான், நான் ஒரு வார்த்தை வாதாடமாட்டேன் என்றாள் கனிஷாய். தெமிர்குல் தன் மனதில் ஓடிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை. கல்லில் அவரால் போட முடிந்தது வெள்ளை மட்டும்தான், கறுப்பு கல்லுடையது. பனியைக் கொத்தினால் போதும். வட்டம் தானாகவே அங்கே இருக்கும். இத்தனை ஆண்டுகளில் கல்லையே அப்படியே விடும்படி எந்தப் படமும் அவரிடம் கேட்டதில்லை.

உல்ஜான் மகனோடு வந்தாள். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எர்மெக் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "வீடே இல்லையேம்மா" என்றான்.

"உப்பு நக்குதுங்க" என்றாள் அவள். விரல் ஒவ்வொரு குதிரையாகத் தொட்டது. "இது வெள்ளைக்கால். இது கிழடு, இன்னும் சாகலையா இது." பிறகு மகனிடம் திரும்பினாள். "வீட்டை நீ வண்டியில ஏத்திக் கொண்டாந்துட்ட. இடத்தை எங்கடா கொண்டாருவ? வர்ற கோடைக்குக் கூடாரத்தை எங்க அடிப்ப?"

"அங்கேயேதான்."

"இதே வட்டத்துல?"

"வேற எங்க அடிக்க?"

"அப்புறம் என்ன. புகையை நீ பார்த்துக்க. கல்லுல இது இருக்கட்டும்." கனிஷாயின் பக்கம் படத்தை நீட்டினாள், நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, இதைத் தனக்கே தந்துவிட்டு தெமிர்குலுக்கு வேறொரு பிரதி எடுத்துக் கொடுக்கும்படி சொன்னாள்.

பனியைக் கொத்துவது முகத்தைக் கொத்துவதைவிடக் கடினம் என்பது தெமிர்குலுக்கு அந்தக் கல்லில்தான் தெரிந்தது. புள்ளிகளை நெருக்கினால் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும், விலக்கினால் தூறல் மாதிரி. கனிஷாய் காலையும் மாலையும் வந்து பார்த்துப் போனாள். வேலை முடியும் தறுவாயில் ஒருநாள் குனிந்து, கல்லோடு கன்னம் பதியும்படி சாய்ந்து பார்த்தாள்.

"வட்டத்துக்குள்ள ஒண்ணு விழுந்திருக்கு, அண்ணே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். ஊசி வழுக்கி ஒரே ஒரு புள்ளி. கொஞ்சம் கறுப்பு மை தொட்டுவைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. எத்தனையோ கற்களில் அப்படித்தான் செய்திருந்தார். மை பாட்டிலை எடுத்தவர், அவளைப் பார்த்தார். அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க பனி தங்காதே" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

தெமிர்குல் மை பாட்டிலை மூடினார். கல்லுக்கு மெருகேற்றும் பொடியை ஈரத்துணியில் எடுத்து, அந்த இடத்தில் வைத்து, மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார்.